சேர்ந்ததும் தெளிந்ததும்: கம்பியில்லாப் பேச்சின் ஒழுக்கமும் கணிப்பொறிச் செய்தி நெறிகளும்

ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இருவர், தாம் பேசும்போது பிறர் குரல் தமக்குக் கேட்காது என்னும் நிலையில் இருந்துகொண்டு, இரைச்சலும் தேய்வும் மலிந்த ஓர் அலைவரிசையின் வழியே உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியைப் பிழையின்றிப் பரிமாறிக்கொள்ள வேண்டுமானால், அவர்களுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஓர் ஒழுங்கு வேண்டும். நேரில் பேசும்போது கண்ணும் புருவமும் தலையசைப்பும் செய்துவிடுகிற காரியங்களையெல்லாம் அங்கே ஒரு சில சொற்களே செய்தாக வேண்டும். கப்பல்களிலும் விமானங்களிலும் படைகளிலும் நூறாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ள கம்பியில்லாப் பேச்சு மரபு இந்த அவசியத்திலிருந்து பிறந்தது. 1960-களின் இறுதியில் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்க முனைந்த அறிஞர்கள் எதிர்கொண்ட இடர்களும் பெரும்பாலும் இவையே: கேட்பவர் இருக்கிறாரா என்று தெரியாமை, ஒரே சமயத்தில் பலர் பேச முற்படுதல், சொன்னது வழியில் சிதைதல், சிதைந்ததென்பதே தெரியாமற்போதல். அவர்கள் கண்ட தீர்வுகளும், சில இடங்களில் பழைய தந்திக்காரர்களிடமிருந்து நேரே பெற்றனவாகவும், சில இடங்களில் தாமே மீண்டும் கண்டுபிடித்தனவாகவும், பேச்சு மரபின் விதிகளை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராயும்போது ஒற்றுமைகளைக் கண்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது என்பது வேறு, அது உள்ளவாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பது வேறு. முன்னதைக் கணிப்பொறி நெறிகள் மிக உயர்ந்த நுட்பத்தோடு நிறைவேற்றியிருக்கின்றன. பின்னதைக் காக்கும் உபாயத்தைப் பேச்சு மரபே, பலருடைய உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றிருக்கிறது. இந்த வேற்றுமையை நம் காலம் மறந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அழைப்பும் முகவரியும்

வானொலியில் பேசப் பழகுவோர் முதலில் கற்கும் விதி, யாரை அழைக்கிறோமோ அவர் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் சொல்லுதலாகும். இது வெறும் சம்பிரதாயமன்று. ஓர் அலைவரிசையில் பலர் செவி சாய்த்துக்கொண்டிருப்பார்கள். தம் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் உரியவர் விழிப்படைய, மற்றவர்கள் தங்கள் வேலையைத் தொடரலாம். அழைப்பவர் பெயர் முதலில் வந்தால் கேட்போர் அனைவரும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்க நேரும். அலுவலகக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையில் ஒவ்வொரு செய்திச் சட்டகத்தின் அமைப்பையும் நோக்கினால் இதே வரிசையைக் காணலாம்: முதலில் பெறுபவரின் முகவரிக்கு 6 பைட், அடுத்து அனுப்புபவரின் முகவரிக்கு 6 பைட். அதற்கும் முன்பாக, பொருள் ஏதுமில்லாத 8 பைட் அளவுள்ள ஒரு முன்னோட்டம் ஒலிக்கிறது. பெறும் கருவி தன் கடிகாரத்தை அனுப்புவோரின் தாளத்தோடு பொருத்திக்கொள்ள அது அவகாசம் தருகிறது. பேசும் பொத்தானை அழுத்தியவுடன் வாய் திறவாமல் ஒரு கணம் தாமதித்துப் பேச வேண்டும், இல்லையேல் முதல் அசை அறுந்துபோகும் என்று வானொலி ஆசிரியர் மாணவருக்குச் சொல்வதும் இதனையே.

முகவரிக்கு அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தில் பி, டி, ஈ, ஜி, வி முதலிய எழுத்துக்களின் பெயர்கள் ஒரே ஒலியில் முடிவதால், இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மொழிகளைப் பேசுவோரைக் கொண்டு சோதித்துத் திருத்தி, 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்னும் சொல்வரிசை இக்குறையைத் தீர்த்தது. எண்களிலும் ‘ஃபைவ்’ என்பதும் ‘நைன்’ என்பதும் மயங்காதிருக்க முன்னதை ‘ஃபைஃப்’ என்றும் பின்னதை ‘நைனர்’ என்றும் உச்சரிக்க விதித்தார்கள். ஓர் எழுத்துக்கு ஒரு முழுச் சொல்லைச் செலவிடுவது வீண்போலத் தோன்றும். ஆயினும் அந்தச் செலவுதான் பாதுகாப்பு. சொல்லிற் பாதி சிதைந்தாலும் எஞ்சிய பாதி இன்னதென்று காட்டிவிடும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட பிழை திருத்தும் குறியீடுகள் பற்றிய ஆராய்ச்சியின் அடிப்படைக் கருத்தும் இதுவே: செல்லத்தக்க குறிகளை ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் நிறுத்திவிட்டால், ஓரிரண்டு பிழை நேர்ந்தாலும் அசல் எதுவென்று கண்டுகொள்ளலாம். ஹாமிங் அத்தூரத்தைக் கணிதத்தால் அளந்தார். எழுத்துச் சொற்களை வகுத்தவர்கள் மனிதச் செவியால் அளந்தார்கள்.

முறை வைத்துப் பேசுதல்

ஓர் அலைவரிசை பலருக்கும் பொது. ஆகவே யார் எப்போது பேசலாம் என்பது அடுத்த பிரச்சினை. பேசி முடித்தவர், பதிலை எதிர்பார்த்தால் ‘ஓவர்’ என்றும், உரையாடலையே முடித்துக்கொண்டால் ‘அவுட்’ என்றும் சொல்வது பேச்சு மரபு. முதற்சொல் அலைவரிசையை மற்றவர் கையில் ஒப்படைக்கிறது. இரண்டாவது அதனைப் பொதுவுக்குத் திருப்பித் தருகிறது. புதிதாகப் பேச விரும்புகிறவர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பேச்சில் குறுக்கிடலாகாது.

இந்த ஒழுக்கம் உறுதிப்படாத காலத்தில் என்ன நேரும் என்பதற்கு 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு ஒரு சாட்சி. டைட்டானிக் கப்பலின் தந்தியாளர் பிரயாணிகளின் சொந்தத் தந்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த வேளையில், அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர், தங்கள் கப்பல் பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நின்றுவிட்டதென்பதை, அபாயச் செய்திக்குரிய தலைப்பு ஏதுமின்றிச் சாதாரணப் பேச்சுப்போக்கில் தெரிவிக்க முற்பட்டார். மிக அருகிலிருந்து வந்த அந்த வலுத்த ஒலி தம் வேலைக்கு இடையூறானதால், டைட்டானிக்கின் தந்தியாளர் அவரை வாய்மூடச் சொன்னார். அவரும் சிறிது நேரத்துக்குப் பின் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். டைட்டானிக் பனிமலையில் மோதியது அதன் பிறகே. எந்தச் செய்தி முந்த வேண்டும், யார் எப்போதும் விழித்திருந்து கேட்க வேண்டும் என்பவை அதுவரை பெரும்பாலும் தனி மனிதரின் மனப்போக்கிற்கு விடப்பட்டிருந்தன; 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை அவற்றை விதிகளாக்க முற்பட்டது.

பிற்காலத்துக் கப்பல்களின் தந்தி அறையில் தொங்கிய கடிகாரத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் அதன் முகத்தில் நான்கு வர்ணப் பகுதிகள் தீட்டப்பட்டிருந்ததை அறிவார்கள். ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரையிலும் 45 முதல் 48 வரையிலும் சிவப்பு. மணி தொடங்கி முதல் 3 நிமிடமும் 30 முதல் 33 வரையிலும் பச்சை. முள் சிவப்பில் இருக்கும்போது 500 கிலோஹெர்ட்ஸ் தந்தி அலைவரிசையிலும், பச்சையில் இருக்கும்போது 2182 கிலோஹெர்ட்ஸ் பேச்சு அலைவரிசையிலும் ஆபத்திலுள்ளவரைத் தவிர வேறு யாரும் ஒலி எழுப்பலாகாது என்பது அந்நாளைய விதி. கடலெங்கும் பரவிக் கிடந்த கப்பல்களெல்லாம் மணிக்கு இருமுறை மூன்று நிமிடம் தாமாக வாய்மூடி, எங்கேனும் ஒரு நலிந்த குரல் கேட்கிறதா என்று செவி கொடுத்தன. பேசும் உரிமையைக் காட்டிலும் கேட்கும் கடமையை உயர்வாக வைத்த இவ்வேற்பாட்டைப் போன்ற உயரிய மரியாதை மனிதர் வகுத்த விதிகளில் அரிது என்றே சொல்ல வேண்டும்.

கணிப்பொறிகள் இதே பிரச்சினையை முதன்முதல் வானொலியிலேயே சந்தித்தது கவனிக்கத்தக்கது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலை, தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை மையக் கணிப்பொறியோடு வானொலி மூலம் இணைத்தது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில் தமக்குத் தோன்றியபோதெல்லாம் செய்திப் பொதிகளை அனுப்பும். இரண்டு பொதிகள் மோதினால் இரண்டும் பாழ். ஒப்புகை வராததைக் கொண்டு அனுப்பிய முனையம் நிலைமையை ஊகித்து, தன்போக்கில் தேர்ந்த ஓர் இடைவெளிக்குப் பின் மீண்டும் அனுப்பும். கேளாமலே பேசும் இம்முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18.4 சதவீதமே பயன்படும் என்று கணக்கிட்டார்கள். காலத்தைச் சம கூறுகளாக்கிக் கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாமென்று விதித்தபோது அது இரட்டித்தது. அலோஹாவின் கணக்கை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் ஈதர்நெட்டை வகுத்தபோது, பேசுமுன் கேட்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தார். மோதல் நேர்ந்தால் இருவரும் விலகிக் காத்திருக்க வேண்டும். மறுபடி மோதினால் காத்திருக்கும் கால எல்லை இரட்டிப்பாகும். மீண்டும் மோதினால் மேலும் இரட்டிக்கும். 16 முறை முயன்றும் இயலாவிட்டால் அந்த முயற்சியைக் கைவிட வேண்டும். கூட்டம் மிகுந்தால் ஒவ்வொருவரும் தாமாக ஒதுங்கி நிற்கும் பண்பு இங்கே கணிதமாகிவிட்டது.

ஆனால் கம்பியிற் செல்லும் இவ்வுபாயம் வானொலியில் அப்படியே செல்லாது. வானொலியில் பேசுவோர் பேசும்போது செவிடராகிவிடுகின்றனர். தம் பேச்சு மோதிச் சிதைந்ததை அவர்கள் அறியார்கள். மேலும், ஒரு மலையின் இருபுறத்திலும் இருக்கும் இருவர், உச்சியிலுள்ள நிலையத்துக்குக் கேட்பார்களேயன்றி ஒருவருக்கொருவர் கேட்கமாட்டார்கள். இருவரும் அலைவரிசை காலியென்று நம்பிப் பேசுவர். உச்சியிலிருப்பவருக்கு இரண்டும் விளங்காது. ‘மறைந்த நிலையம்’ என்று பெயர்பெற்ற இக்குறையை டொபாகியும் கிளைன்ராக்கும் 1975-இல் ஆராய்ந்தனர். இதற்கு ஃபில் கார்ன் என்னும் அமெச்சூர் வானொலி அன்பர் 1990-இல் முன்வைத்த தீர்வு எளியது: அனுப்ப விரும்புவோர் முதலில் ஒரு சிறு வேண்டுகோள் விடுக்க வேண்டும், பெறுபவர் ‘அனுப்பலாம்’ என்று விடையளிக்க வேண்டும், அவ்விடையைக் கேட்ட எல்லோரும், வேண்டுகோளைக் கேளாதவர்கள் உட்பட, ஒதுங்கி நிற்க வேண்டும். தமக்கொரு செய்தி இருப்பதாகச் சொல்லி, ‘சொல்லுங்கள்’ என்ற பதில் வந்த பிறகே பேசத் தொடங்கும் வானொலி வழக்கத்தின் மறுவடிவமே இது. இன்று வீடுகளில் இயங்கும் வைஃபையின் விதித்தொகுப்பில் இம்முறை இடம்பெற்றிருக்கிறது.

ஒப்புகையின் எல்லை

சொன்னது கிடைத்ததா என்பது மூன்றாவது பிரச்சினை. தந்திக்காரர்களின் சுருக்கச் சங்கேதங்களில் கிடைத்தது என்பதற்கும், திரும்ப அனுப்புக என்பதற்கும், பேச்சு முடிந்தது என்பதற்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. கணிப்பொறிகளின் எழுத்துக்களை எண்களாக்கிய ஆஸ்கி அட்டவணையின் தொடக்கத்தில் அச்சிடப்படாத சில குறிகள் இருக்கின்றன. அவற்றில் 4 பரிமாற்றத்தின் முடிவையும், 5 விசாரணையையும், 6 ஒப்புகையையும், 21 மறுப்பையும், 22 தாளம் பொருத்துதலையும் குறிப்பவை. டெலிபிரிண்டர் காலத்துத் தந்தி மரபு கணிப்பொறிக்குள் குடியேறிய சுவடுகள் இவை.

விண்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி நெறி, இணையத்தின் உரையாடல்களில் பெரும்பகுதியை இன்றும் தாங்கி நிற்கிறது. அதன்படி இரு கணிப்பொறிகள் செய்தி தொடங்குமுன் மூன்று வாக்கியங்களைப் பரிமாறுகின்றன: ஒன்று அழைக்கிறது, மற்றது அழைப்பைக் கேட்டதாகச் சொல்லித் தானும் அழைக்கிறது, முதலாவது அவ்விடையைக் கேட்டதாகச் சொல்கிறது. என் குரல் உனக்குக் கேட்கிறது, உன் குரல் எனக்குக் கேட்கிறது என்ற இரண்டும் நிலைநாட்டப்பட்ட பின்பே காரியம் தொடங்குகிறது. வானொலியில் ஒலித் தெளிவைச் சோதித்துக்கொள்ளும் முறையும் இந்த மூன்று படிகளையே உடையது. செய்தியில் ஒரு பகுதி தவறினால், இன்ன சொல்லுக்குப் பிற்பட்டதையெல்லாம் திரும்பச் சொல்லுக என்று கேட்பதும், இன்ன இரு சொற்களுக்கு இடைப்பட்டதை மட்டும் சொல்லுக என்று கேட்பதும் பேச்சு மரபில் உண்டு. டிசிபி முதலில் இன்ன எண் வரை தொடர்ச்சியாகக் கிடைத்தது என்று மட்டுமே சொல்ல அறிந்திருந்தது. இடையில் தவறியதைக் குறித்துக் காட்டும் வசதி 1996-இல்தான் விதியாயிற்று.

ஒப்புகைக்கு ஓர் எல்லை உண்டென்பதையும் இரு மரபுகளும் உணர்ந்திருக்கின்றன. என் செய்தி கிடைத்ததென்று நீ சொன்ன பதில் எனக்குக் கிடைத்ததா என்பது உனக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் ஓர் ஒப்புகை அனுப்பினால், அது கிடைத்ததா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நம்பத்தகாத வழியின் மூலம் இருவர் ஒரு முடிவில் முழு நிச்சயத்தோடு ஒன்றுபடுவது எத்தனை ஒப்புகைகளாலும் இயலாதென்பதை 1975-இல் அறிஞர் மூவர் நிரூபித்தார்கள். இரண்டு தளபதிகளின் பிரச்சினை என்று அது பின்னர் பெயர் பெற்றது. முடிவற்ற இச்சங்கிலியை இரு மரபுகளும் நடைமுறை விவேகத்தால் அறுத்துக்கொள்கின்றன. கணிப்பொறி சிறிது நேரம் காத்திருந்து முடித்துக்கொள்கிறது. பேசுவோர் ‘அவுட்’ என்கிறார்கள்.

தெனெரீஃபே

இதுவரை கண்டவற்றில் ஒற்றுமை மேலோங்கி நின்றது. வேற்றுமை எங்கே தொடங்குகிறது என்பதை 1977 மார்ச் 27-ஆம் நாள் கானரித் தீவுகளில் ஒன்றாகிய தெனெரீஃபேயின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்து காட்டுகிறது. மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. கேஎல்எம் விமானம் பாதையின் ஒரு கோடியில் புறப்பட ஆயத்தமாக நின்றது. பான் அம் விமானம் அதே பாதையில் அதனை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் விமானத்துக்குக் கோபுரத்திலிருந்து தரப்பட்டது, புறப்பட்ட பின் செல்ல வேண்டிய வழி பற்றிய அனுமதியே தவிர, புறப்படும் அனுமதி அன்று. துணை விமானி அவ்வழியைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் இப்போது புறப்பாட்டில் இருப்பதாகப் பொருள் மயங்கும் ஒரு தொடரோடு முடித்தார். கட்டுப்பாட்டாளர் அதனைப் புறப்படும் இடத்தில் நிற்பதாகக் கொண்டு, ‘ஓகே’ என்று தொடங்கி, சிறு இடைவெளிக்குப் பின் காத்திருக்கும்படியும் தாம் அழைப்பதாகவும் சொன்னார். அதே கணத்தில் பான் அம் விமானி தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக எச்சரித்தார். இரண்டு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதின. கேஎல்எம் விமானத்தில் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ என்னும் சொல். அதைத் தொடர்ந்து சில விநாடி நீடித்த ஒரு கீச்சொலி. அவ்விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 583 பேர் மாண்டனர்.

பொதி மோதலை வகுத்துரைக்கும் கணிப்பொறி அறிஞர் இதில் தம் பாடத்தைக் காண்பார்: ஒரே சமயத்தில் இருவர் பேசினர், மோதலை அறியும் வழி பேசியவர்களுக்கு இல்லை, முக்கியமான செய்தி அழிந்தது. அது உண்மையே. ஆயினும் அம்மோதலுக்கு முன்பே ஒரு பெரும் பிழை நிகழ்ந்துவிட்டதை நாம் கருத வேண்டும். துணை விமானியின் தொடர் கோபுரத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது. கட்டுப்பாட்டாளரின் ‘ஓகே’ விமானத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஒலியும் தன் இலக்கை அடைந்தது. ஒவ்வொன்றும் வேறு பொருளாக ஏற்கப்பட்டது. அங்கே வழங்கப்பட்ட ஒப்புகை, எதை ஒப்புகிறது என்று சொல்லாத ஒப்புகை.

இவ்விபத்துக்குப் பின் விமானப் பேச்சின் விதிகள் இறுக்கப்பட்டன. ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லைப் புறப்படும் அனுமதியைத் தரும்போதும் அதனை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற இடங்களில் வேறு சொல் வழங்க வேண்டும். ஓடுபாதை, உயரம், திசை முதலியவை பற்றிய கட்டளைகளை ‘ரோஜர்’ என்று ஒரு சொல்லால் ஏற்றுக்கொள்ளலாகாது. உள்ளடக்கத்தை விமானி தம் வாயால் முழுதும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்டு, பிழையிருந்தால் உடனே திருத்த வேண்டும். 8000 அடிக்கு இறங்குக என்ற கட்டளைக்கு, கிடைத்தது என்று விடை சொன்னால், கேட்டது 8000-ஆ 6000-ஆ என்பது வெளிப்படாது. ‘8000 அடிக்கு இறங்குகிறோம்’ என்று சொன்னால் வெளிப்படும். ‘ரோஜர்’ என்பது செய்தி வந்ததை மட்டும் தெரிவிக்கிறது. ‘வில்கோ’ என்பது விளங்கிக்கொண்டேன், அவ்வாறே செய்வேன் என்று உறுதி கூறுகிறது. திருப்பிச் சொல்லுதலோ விளங்கிக்கொண்டது இதுதான் என்று கண்முன் வைக்கிறது. ஒப்புகையில் இத்தகைய படிகளைப் பிரித்தறிந்தது பேச்சு மரபின் தனிச்சிறப்பு.

முனைக்கு முனை

டிசிபியின் ஒப்புகை இப்படிகளில் எதனைச் சார்ந்தது என்று கேட்டால், முதற்படியையும் முழுமையாகச் சாராது என்றே விடை சொல்ல வேண்டும். பொதி பெறும் கணிப்பொறியின் நினைவகத்தில் வந்து விழுந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதனை எதிர்நோக்கிய நிரல் படித்ததா, பதிவு செய்ததா, படிப்பதற்குள் நின்றுபோனதா என்பவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் இருக்கும் கையொப்பம், உறை வீட்டுக்கு வந்ததற்குச் சான்றேயன்றிக் கடிதம் படிக்கப்பட்டதற்குச் சான்றாகாததைப் போன்றது அது.

இதனை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர். முனைக்கு முனை வாதம் என்று புகழ்பெற்ற அவர்களுடைய கட்டுரையில் தங்கள் கழகத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். அங்கிருந்த வலைகளை இணைத்த இடைக் கணிப்பொறிகளில் ஒன்று, வந்த செய்தியை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. ஒவ்வொரு வழித்தடத்திலும் பிழை அறியும் சோதனை இருந்தது. ஒவ்வொரு தடமும் பிழையில்லையென்றே சான்று கூறிற்று. ஏனெனில் பிழை தடத்தில் நிகழவில்லை, தடங்களுக்கிடையே நிகழ்ந்தது. நாளடைவில் ஓர் இயக்க முறைமையின் மூல நிரல்கள் சில கெட்டுப்போயின. உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது. இறுதிப் பயனை அடைபவரே சரிபார்க்காதவரையில், நடுவிலுள்ளோர் தரும் எத்தனை சான்றுகளும் போதா என்பது அவர்கள் கண்ட முடிவு. விமானியைத் திருப்பிச் சொல்லச் செய்யும் விதியின் சாரமும் இதுவே; அது மனிதரிடையே நடக்கும் முனைக்கு முனைச் சோதனை.

அவசரமும் தன்னடக்கமும்

மற்றொரு வேற்றுமையும் சிந்திக்கத்தக்கது. பேச்சு மரபில் செய்திகளுக்கு அந்தஸ்து உண்டு. ‘மேடே’ என்று மும்முறை ஒலித்தால் மற்றெல்லாப் பேச்சும் அடங்க வேண்டும். ‘பான் பான்’ என்பது அதற்கு அடுத்த படி. இந்த நிர்ணயமான சொற்களை விடுத்து வேறு சொற்களால் அவசரத்தைக் குறிப்பால் உணர்த்த முயல்வது எத்துணை அபாயகரமானது என்பதை 1990 ஜனவரி 25-ஆம் நாள் நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா 52 விமானம் உணர்த்துகிறது. நெடுநேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்ட அவ்விமானத்தின் பணியாளர், முன்னுரிமை வேண்டுமென்றும் எரிபொருள் தீர்ந்துவருகிறதென்றும் சொன்னார்களேயன்றி, ஆபத்து நிலையை அதற்குரிய சொல்லால் அறிவிக்கவில்லை. கேட்டவர்கள் அதனைச் சாதாரண வேண்டுகோளாகவே கொண்டார்கள். 73 பேர் உயிரிழந்தனர்.

1981-இல் இணைய நெறியை வகுத்தவர்களும் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் முன்னுரிமைக்கென 3 பிட் ஒதுக்கி, சாதாரணம், முன்னுரிமை, உடனடி, மின்னல்வேகம் என்று படைத்துறைத் தந்திகளின் தரவரிசையையே அதில் பொறித்தார்கள். ஆனால் பொது இணையத்தில் அது பெரும்பாலும் மதிக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் தம் பொதியை அவசரமென்று முத்திரையிடலாம் என்னும்போது, முத்திரைக்கு மதிப்பில்லை. கடலில் பொய்யாக அபாயக்குரல் எழுப்புவது குற்றம்; அக்குரலைக் கேட்டும் வாளாவிருப்பதும் குற்றம். இவ்விரு பொறுப்புகளுமே அந்தச் சொல்லுக்கு வலிமை தருகின்றன.

எனினும் கணிப்பொறி நெறிகள் ஒழுக்கத்தை அறியாதவை என்று கருதுவது தவறு. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், செய்தி செல்லும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலால் பொதிகள் தொலைய, தொலைந்தவற்றை ஒவ்வொரு கணிப்பொறியும் பதற்றத்தோடு மீண்டும் அனுப்ப, நெரிசல் மேலும் பெருகிற்று. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வின்படி, ஒவ்வொரு கணிப்பொறியும் மெல்லத் தொடங்கி, வழி இடங்கொடுக்குமளவுக்கு வேகத்தைக் கூட்டி, பொதி தொலைந்ததைக் கண்டவுடன் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யும்படி அதனை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. செய்யாத கணிப்பொறி தற்காலிகமாக அதிகப் பயன் பெறவும் கூடும். பெரும்பாலானவை இந்த அடக்கத்தை மேற்கொண்டதாலேயே இணையம் சரியாமல் நின்றது. பொதுவழியைத் தமக்கே உரியதென்று கொள்ளாத மனப்பான்மையே மரியாதையின் வேர் என்றால், இதுவும் மரியாதையே.

இரண்டும் கூடுமிடம்

இவ்விரு மரபுகளும் ஒன்றாகும் இடமொன்று இப்போது தோன்றியிருக்கிறது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து, பசிபிக் போன்ற பெருங்கடல்களின் மேல் பறக்கும் விமானங்களுக்குக் கட்டளைகள் குரலுக்குப் பதிலாக எழுத்துச் செய்திகளாகவும் அனுப்பப்படுகின்றன. இன்ன உயரத்துக்கு ஏறுக என்ற செய்தி விமானியின் திரையில் தோன்றும். அவர் ‘வில்கோ’ என்றோ, இயலாது என்றோ, பொறுத்திருங்கள் என்றோ விடை தர வேண்டும். செய்தி விமானத்தின் கருவிக்கு வந்து சேர்ந்ததைக் கருவிகளே தமக்குள் தெரிவித்துக்கொள்கின்றன. விமானியின் விடை அதனோடு கலக்கப்படுவதில்லை. கருவி எத்தனை விரைவில் பெற்றாலும், மனிதர் படித்துப் பொருள் கொண்டு இசையும் வரையில் அக்கட்டளை நிறைவேறியதாகக் கணக்கில்லை. பேச்சு மரபு உயிரைக் கொடுத்துக் கற்ற பாகுபாடு கணிப்பொறி நெறிக்குள் ஒரு விதியாகவே அமர்ந்துவிட்டது. இதில் இழப்பும் உண்டு: ஒரே அலைவரிசையில் மற்றவர்களின் பேச்சைக் கேட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று விமானிகள் அறிந்துகொண்ட பயன், செய்தி உரியவர் திரைக்கு மட்டும் செல்லும்போது மறைந்துவிடுகிறது.

வானுக்கும் கடலுக்கும் அப்பாலும் இப்பாடம் பரவ வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குச் சான்றளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2003 முதல், மருத்துவர் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ தரும் உத்தரவை எழுதிக்கொண்டவர் அதனைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டுமென்று விதித்தது இந்த நோக்கத்தோடுதான். நம் கைப்பேசியில் செய்தி சேர்ந்ததென்று ஒரு குறியும் திறந்து பார்க்கப்பட்டதென்று வேறு குறியும் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று நாம் திருப்தியடைகிறோம். மருந்தின் அளவையும், மின்தடம் துண்டிக்கப்பட்டதையும், அணையின் மதகு திறக்கும் நேரத்தையும் தெரிவிக்கும் செய்திகளுக்கு அந்தக் குறிகள் போதுமான சான்றாகா. கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களால் திருப்பிச் சொல்வதும், சொன்னவர் அதனைப் பொறுமையோடு கேட்டுத் திருத்துவதும், எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தரக்கூடிய காரியங்கள் அல்ல. செய்தியமைப்புகளை வகுப்போர் அவ்விரண்டுக்கும் இடம் விட்டு வகுக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்துவோர் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் நிரப்ப வேண்டும்.